பத்தாம் வகுப்பில் நின்றுபோன பிள்ளைக்கு அடுத்து என்ன? ராமநாதபுரம் கரையோரக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் கரையில் "தொழிலுக்குப் போயிருக்கான்" என்று சொன்னால் கடலுக்குப் போயிருக்கிறான் என்றுதான் அர்த்தம். ஒரு பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று தெரிந்ததும் வீட்டில் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் "தொழிலுக்கு அனுப்பிரலாம்" என்பார்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் "பாஸ்போர்ட் எடுத்துரலாம்" என்பார்கள். பெண் பிள்ளையாக இருந்தால் எல்லா ஊரிலும் ஒரே பேச்சு: "மாப்பிள்ளை பார்த்துரலாம்."

பள்ளியை விட்ட பிள்ளைகளோடு இந்தக் கரையில் பல வருடமாகப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்த மூன்று பேச்சுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதைச் செய்ய நமக்கென்றே ஒரு காலமும் அமைந்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி மராமத்து நடக்கும். இன்ஜின் இறக்குவார்கள், வெல்டிங் நடக்கும், பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், வலை தைப்பார்கள். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டும் மே மாதத்தில் வருகிறது. ஐடிஐ என்கிற தொழிற்பயிற்சி நிலையத்துக்கான விண்ணப்பமும், தவறியவர்கள் திரும்ப எழுதும் துணைத்தேர்வு விண்ணப்பமும் அதையொட்டியே வரும். அந்த இரண்டு மாதத்துக்கு நம் கரை முழுவதும் ஒரு பெரிய பட்டறை. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: ஏன் ஏறவில்லை என்று பாருங்கள்

"அவனுக்குப் படிப்பு வராது" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் எதுவும் தேடுவதில்லை. நான் பார்த்தவரை அந்த ஒரு வாக்கியத்துக்குள் நான்கைந்து தனித்தனிக் காரணங்கள் ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

ஒரு பையன் எட்டாம் வகுப்பு வரை கடைசி பெஞ்சு. கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவான். சோம்பேறி என்றே எல்லோரும் நினைத்தோம், நானும்தான். கடைசியில் ராமநாதபுரத்தில் கண் பரிசோதனை செய்தபோதுதான் தூரத்துப் பார்வை மோசமாக இருப்பது தெரிந்தது. கண்ணாடி போட்ட முதல் நாள் அவன் கேட்டது, "போர்டுல இவ்வளவு சின்னதாவா எழுதுவாங்க?" எட்டு வருடம் யாருமே பார்க்கவில்லை. அதனால் முதல் வேலை கண், காது இரண்டையும் சோதிப்பது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே பார்க்கலாம். ஒரு நாள் வேலை.

அடுத்தது எழுத்து. மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு, நேற்று கடற்கரையில் நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்போது ஆறு மாதிரி ஓடுகிறான், படிக்கும்போது எழுத்துக்கு எழுத்து தடுக்கி விழுகிறான் என்றால் அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். அறிவுக் குறைவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. உரிய மருத்துவச் சான்று இருந்தால் தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதைக் கேட்டு எழுத ஆள், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. பள்ளித் தலைமை ஆசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். தேர்வுக்கு முந்தின மாதம் போய் நின்றால் நடக்காது, கல்வியாண்டின் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும்.

மூன்றாவது காரணம் தூக்கம். ராத்திரி அப்பாவோடு வள்ளத்தில் போய்விட்டு, விடியக்காலை கரைக்கு வந்து, ஒன்பது மணிக்கு வகுப்பில் உட்காரும் பையன் தூங்காமல் என்ன செய்வான்? அவனுக்கு வேண்டியது தொழிற்கல்வி இல்லை, ராத்திரித் தூக்கம். வீட்டில் கடன், அப்பா குடி, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் நான்காவது வகை. இதையெல்லாம் பிள்ளை தானாகச் சொல்ல மாட்டான். படகு நிழலில் பக்கத்தில் உட்கார்ந்து, வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போதுதான் வெளியே வரும்.

இத்தனையும் பார்த்த பிறகும், "எனக்கு உட்கார்ந்து படிக்கிறது பிடிக்கல, கையால ஏதாவது செய்யணும்" என்று பிள்ளை உறுதியாகச் சொன்னால் அது நல்ல பதில். கீழே வருவது பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்காக.

இரண்டாம் படி: காகிதங்கள்

இது சலிப்பான வேலை. ஆனால் ஜூன் மாதத்தில் எத்தனையோ பிள்ளைகள் கோட்டைவிடுவது இங்கேதான். மாற்றுச் சான்றிதழ், எட்டாம் வகுப்புத் தேர்ச்சிக்கான சான்று, பத்தாம் வகுப்பு எழுதியிருந்தால் தவறிய மதிப்பெண் பட்டியலும்கூட, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு. ஆதாரில் 15 வயதில் கைரேகையும் கண் பதிவும் புதுப்பிக்க வேண்டும். செய்யாமல் விட்டால் உதவித்தொகை வரும் நேரத்தில் சிக்கல் வரும். ஆதாரில் உள்ள பெயரும் பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரும் எழுத்து மாறாமல் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். நம் பக்கத்தில் தலைப்பெழுத்து முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் இருப்பது சாதாரணம்.

எட்டாம் வகுப்புக்கு முன்பே நின்றுவிட்ட பிள்ளையாக இருந்தால், அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு இருக்கிறது. பன்னிரண்டரை வயது ஆகியிருந்தால் நேரடியாக எழுதலாம். ஐடிஐயின் முதல் கதவு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். அதற்குக் கீழேயே நின்றவர்களுக்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயதுக்கு மேற்பட்டோருக்கான அடிப்படைக் கல்வி மூன்று நிலைகளில் இருக்கிறது. அவை 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு நிகரானவை.

பத்தாம் வகுப்பில் தவறியிருந்தால் துணைத்தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள். பிள்ளை எழுதமாட்டேன் என்று சொன்னாலும் போட்டு வையுங்கள். முக்கியமாகத் தமிழும் ஆங்கிலமும். காரணத்தை நான்காம் படியில் சொல்கிறேன்.

மூன்றாம் படி: ஆறு வாரம் தொட்டுப் பார்த்தல்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பதினைந்து வயதுப் பிள்ளையிடம் "நீ என்ன தொழில் கத்துக்கப்போற?" என்று கேட்டால் அவனுக்குத் தெரிந்த இரண்டு தொழிலில் ஒன்றைச் சொல்வான். மச்சான் ஏசி மெக்கானிக் என்றால் ஏசி மெக்கானிக். அதை நம்பி இரண்டு வருடப் படிப்பில் சேர்த்துவிட்டு, மூன்றாம் மாதம் திரும்பி வந்தால் "இதுவும் உருப்படல" என்று திட்டுவோம். சாப்பிட்டுப் பார்க்காத பண்டத்தைப் பிடிக்குமா என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்?

அதனால் தடைக்காலத்தில் ஆறு வாரம் ஒதுக்குங்கள். வாரம் ஒரு இடம். காலை அரை நாள் மட்டும். கூலி வாங்கக் கூடாது, இது வேலை இல்லை, பார்ப்பதற்குப் போகிறான் என்று எல்லோருக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சட்டமும் இங்கே தெளிவாக இருக்கிறது. 14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது, 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் வைக்கக் கூடாது. 1986இல் வந்த சட்டத்தை 2016இல் திருத்தியபோது இப்படி ஆக்கினார்கள். அதனால் கிரைண்டரைத் தொடக்கூடாது, முட்டுக் கொடுத்து நிறுத்திய படகுக்கு அடியில் போகக்கூடாது, வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது, ஃபைபர் வேலை நடக்கும் இடத்தில் ரெசின் என்கிற பிசினின் வாடைக்குள் நிற்கக் கூடாது. அந்த இடங்களில் தள்ளி நின்று பார்ப்பது மட்டும்தான். தெரிந்த மேஸ்திரியாக, சொன்னால் கேட்கிற மனிதராகப் பாருங்கள்.

எங்கெல்லாம் அனுப்பலாம்? ஒரு வாரம் படகு இன்ஜின் கொட்டகை. பிரித்துப் போட்ட டீசல் இன்ஜினின் பாகங்களைத் துடைத்து வரிசையாக அடுக்குவதில் ஒரு பிள்ளையைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம். ஒரு வாரம் தச்சு வேலை. ஒரு வாரம் வீட்டு வயரிங் செய்யும் எலக்ட்ரீஷியனோடு, மின்சாரம் இல்லாத புது வீட்டில் பைப் பதிக்கும் கட்டத்தில். ஒரு வாரம் ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் கடை. மீன் பிடிக்கும் ஊரில் குளிர்பதனம் தெரிந்த ஆளுக்கு ஐஸ் பிளான்ட், மீன் கம்பெனி, லாட்ஜ் என்று வேலை இருந்துகொண்டே இருக்கும். உப்புக் காற்று இரும்பைத் தின்பதால் வெல்டருக்கும் அப்படித்தான். ஒரு வாரம் தையல், இது பையன்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ராமேஸ்வரம் பக்கம் இருந்தால் ஒரு வாரம் யாத்திரிகர் தங்கும் விடுதி, சமையற்கட்டு, வரவேற்பு மேசை. கடற்பாசி வளர்க்கும் குடும்பம் தெரிந்திருந்தால் அங்கே ஒரு வாரம். மூங்கில் மிதவையில் விதைப்பாசி கட்டுவதும், சுமார் 45 நாளில் அறுவடைக்கு வருவதும், அதன் கணக்கும் பார்க்கலாம். சாயல்குடிப் பக்கம் பனை வேலை, கருப்பட்டி. எல்லாவற்றுக்கும் போக வேண்டும் என்பதில்லை. ஆறு இடம், ஒன்றுக்கொன்று வேறுபட்டதாக இருந்தால் போதும்.

இப்போது நீங்கள் என்ன பார்க்க வேண்டும்? கைத்திறமையைப் பார்க்காதீர்கள். ஒரு வாரத்தில் யாருக்கும் திறமை வராது. நான் மூன்றைத்தான் பார்ப்பேன். மூன்றாம் நாள் காலையில் எழுப்பாமல் எழுந்தானா? வீட்டுக்கு வந்து அந்த வேலையைப் பற்றித் தானாக ஏதாவது சொன்னானா அல்லது கேட்டானா? எடுத்த ஸ்பானரை எடுத்த இடத்தில் வைத்தானா? முதல் இரண்டும் அவனுக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது என்பதைக் காட்டும். மூன்றாவது அவனைப் பட்டறையில் வைத்துக்கொள்வார்களா என்பதைக் காட்டும். பதினாறு வயதுப் பெண் பிள்ளை ஒருத்தியை நான்கு இடத்துக்கு அனுப்பினோம். மூன்றில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். ஃப்ரிட்ஜ் கடைக்குப் போன இரண்டாம் நாள் இரவு, "அத்தா, கம்ப்ரசர் சூடா இருந்தா உள்ள எப்படி குளிரும்?" என்று கேட்டிருக்கிறாள். அவளுடைய அப்பா என்னிடம் வந்து அதைச் சொன்னபோது கண் கலங்கியிருந்தது. வீட்டில் அவள் கேட்ட முதல் பாடக் கேள்வி அதுதானாம்.

ஒரு நோட்டில் தேதி போட்டு ஒவ்வொரு நாளும் இரண்டு வரி எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் போனில் குரலாகப் பதிந்து வைக்கலாம். ஆறு வாரம் கழித்து அதை வைத்துப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். முடிவை அவன் வாயாலேயே வரவிடுங்கள்.

நான்காம் படி: பாதை

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் தவறியவனுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கையில் இருக்கிறது. ஐடிஐயில் எட்டாம் வகுப்புத் தகுதியிலேயே சேரக்கூடிய பிரிவுகள் உண்டு. வெல்டர், தச்சர், தையல் தொழில்நுட்பம் ஆகியவை ஓராண்டு. வயர்மேன் 2 ஆண்டு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு 2 ஆண்டுப் பிரிவை முடித்துச் சான்று வாங்கியவர், பத்தாம் வகுப்புத் தமிழ், ஆங்கிலத் தாள்களில் மட்டும் தேர்ச்சி பெற்றால், பத்தாம் வகுப்புக்கு இணையான சான்றிதழ் பெறலாம். கணக்கிலும் அறிவியலிலும் தவறிய பையனுக்கு இது எவ்வளவு பெரிய கதவு என்று யோசித்துப் பாருங்கள். துணைத்தேர்வில் அந்த இரண்டு மொழித்தாள்களை விடவேண்டாம் என்று சொன்னது இதற்குத்தான்.

பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்கு எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், குளிர்பதன மற்றும் ஏசி டெக்னீஷியன் ஆகியவை 2 ஆண்டு. டீசல் மெக்கானிக், கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ஆகியவை ஓராண்டு. 2 ஆண்டுப் பிரிவு முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். படிப்பு ஏறவில்லை என்று 15 வயதில் சொன்ன பிள்ளை, 18 வயதில் பாலிடெக்னிக்கில் உட்கார்ந்திருப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பார்த்திருக்கிறேன். கையில் வேலை வந்த பிறகு புத்தகத்தின் மேல் இருந்த பயம் போய்விடுகிறது.

அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, காலணி, வரைபடக் கருவிகள், பஸ் பாஸ் கிடைக்கும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்களுக்குப் பெண்கள் என்றால் 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்கள் என்றால் 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். ஐடிஐயும் அதில் சேர்த்திதான். நம் மாவட்டத்தில் பரமக்குடியிலும் முதுகுளத்தூரிலும் அரசு ஐடிஐ இருக்கிறது. விண்ணப்பம் ஆன்லைனில். ஐடிஐயிலேயே உதவி மேசை வைத்துப் போட்டுத் தருவார்கள், வெளியே காசு கொடுத்துப் போட வேண்டிய அவசியம் இல்லை.

ஒன்றை மறக்காமல் கணக்கில் எடுங்கள், தூரம். பாம்பனிலிருந்து பரமக்குடி ஏறக்குறைய 85 கிலோமீட்டர். தினமும் போய்வர முடியுமா, ரயில் நேரம் ஒத்துவருமா, பரமக்குடியில் சொந்தக்காரர் வீடு இருக்கிறதா, விடுதி கிடைக்குமா என்பதைச் சேருவதற்கு முன் பேசி முடித்துவிடுங்கள். முடிந்தால் சேருவதற்கு முன் மூன்று நாள் அதே நேரத்துக்குக் கிளம்பிப் போய் வரச் சொல்லுங்கள். தொழில் பிடிக்காமல் நின்றவர்களைவிடப் பஸ்ஸில் களைத்து நின்றவர்கள்தான் நான் பார்த்ததில் அதிகம்.

ஐடிஐ ஒத்துவராத பிள்ளைக்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்பு இருக்கிறது. 14 வயது ஆகியிருக்க வேண்டும். ஐந்து பாடம், அதில் கணக்கு கட்டாயம் இல்லை. ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொரு பாடமாகக்கூட எழுதி முடிக்கலாம். அடுத்து எந்தப் படிப்புக்கு அல்லது வேலைக்குப் போக நினைக்கிறீர்களோ, அங்கே இந்தச் சான்று செல்லுமா என்று சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 18 வயது முடிந்தவர்களுக்கு ஊரக சுய வேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் சாப்பாடு, தங்கும் இடத்தோடு இலவசக் குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கின்றன. 18க்குக் கீழே இருக்கும் பிள்ளையை வயது கூட்டிச் சொல்லி அங்கே சேர்க்க முயலாதீர்கள்.

சபுர், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போவது பற்றி. கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் குடும்பங்களுக்கு இது வாழ்க்கையின் ஒரு பாகம், நான் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட் குடியேற்றச் சோதனை தேவைப்படும் வகையில் வரும். வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி வாங்க வேண்டும். விசிட் விசாவில் போய் வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் ஏஜென்ட் உங்கள் பிள்ளையை இந்தப் பாதுகாப்புக்கு வெளியே தள்ளுகிறார். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று வரம்பு உண்டு. தேசிய அல்லது மாநில தொழிற்பயிற்சிக் கவுன்சில் அங்கீகாரம் உள்ள 2 ஆண்டுப் படிப்பு முடித்தவர்களுக்கு அந்தச் சோதனை தேவையில்லை. அதே வயர்மேன் சான்று இங்கேயும் உதவுகிறது. ஹெல்பராகப் போகிறவருக்கும் சான்றோடு எலக்ட்ரீஷியனாகப் போகிறவருக்கும் சம்பளத்தில் உள்ள வித்தியாசத்தை உங்கள் தெருவிலேயே ஒரு சபுராளியிடம் கேட்டுப் பாருங்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஒரே ஒரு வார்த்தை. பள்ளி நின்ற மாதமே சம்பந்தம் பேசத் தொடங்குவது நம் கரையில் எல்லாச் சமூகத்திலும் நடக்கிறது. 18க்கு முன் கல்யாணம் குற்றம். அப்படி நடக்கப்போகிறது என்று தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சொன்னது யார் என்று வெளியே வராது.

ஐந்தாம் படி: கணக்கை வேலைக்குள் கொண்டுவருதல்

பள்ளியில் தோற்ற பிள்ளைக்குக் கணக்கு என்றாலே வயிற்றைக் கலக்கும். அதே பிள்ளை மீன் ஏலத்தில் நின்று மனக்கணக்குப் போடுவான். இரண்டும் ஒன்றுதான் என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை.

பின்னத்தைத் தச்சுப்பட்டறையில் தொடங்குங்கள். ஆசாரி "ரெண்டு நூல் கம்மி" என்று சொல்வார். ஒரு அங்குலத்துக்கு 8 நூல். இரண்டு நூல் என்றால் கால் அங்குலம், நாலு நூல் அரை. டேப்பைக் கையில் கொடுத்து மேசை, கதவு, படகுப் பலகை என்று ஒரு வாரம் அளக்கச் சொன்னால், மூன்றாம் வகுப்பிலிருந்து புரியாத பின்னம் விரலுக்கு வந்துவிடும். ஆறு நூலும் ஐந்து நூலும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேளுங்கள். "ஒண்ணே கால் அங்குலத்துக்கு மேல ஒரு நூல்" என்று சொல்வான். அதை நோட்டில் பதினொன்றின் கீழ் எட்டு (11/8) என்று எழுதிக் காட்டும்போது ஒரு நிமிடம் உற்றுப் பார்ப்பான். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இவ்வளவும்.

சதவீதத்துக்கு ஃபைபர் படகு. ரெசினில் கெட்டிப்படுத்தும் திரவத்தை 1 முதல் 2 சதவீதம் வரை கலப்பார்கள். 5 கிலோ ரெசினுக்கு ஒன்றரை சதவீதம் என்றால் 75 கிராம். குறைந்தால் காயாது, கூடினால் சூடேறி வெடிப்பு விடும். கலக்குவது பெரியவர்கள் வேலை, கணக்கு மட்டும் பிள்ளைக்கு. விகிதத்துக்கு ஐஸ். நம் வெயிலுக்கு மீனுக்குச் சம எடை ஐஸ், அதாவது ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ வேண்டும். 60 கிலோ பெட்டியில் எத்தனை கிலோ மீன் வைக்கலாம் என்று கேளுங்கள். 60 என்று சொல்பவனும் 30 என்று சொல்பவனும் இருப்பார்கள், ஏன் என்று அவர்களையே வாதாட விடுங்கள்.

அப்புறம் பங்கு. ஒரு உதாரணம்: மீன் விற்றது 38,000 ரூபாய். டீசல் 14,500, ஐஸ் 2,000, சாப்பாட்டுச் செலவு 1,500. மீதி 20,000. பாதி படகுக்கு, பாதி ஐந்து ஆளுக்கு என்றால் ஆளுக்கு 2,000. ஊருக்கு ஊர் பங்கு முறை மாறும், உங்கள் ஊர் முறையிலேயே போடுங்கள். இந்தக் கணக்கைத் தானே எழுதிப் பார்க்கத் தெரிந்தவனை யாரும் கரையில் ஏமாற்ற முடியாது. வீட்டில் வாரம் ஒருநாள் அப்பாவின் கணக்கைப் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: வாழத் தெரிதல்

வங்கிக்குத் தனியாகப் போய்ச் சீட்டு நிரப்பிப் பணம் எடுக்க வேண்டும். போனில் யாராவது ஓடிபி கேட்டால் சொல்லக்கூடாது. மூன்று பேருக்குச் சோறும் குழம்பும் வைக்கத் தெரிய வேண்டும், பையனுக்கும்தான். விடுதியில் தங்கிப் படிக்கும் பையன் முதல் மாதத்தில் உடம்பைக் கெடுத்துக்கொள்வது சாப்பாட்டில்தான். தன் துணியைத் தானே துவைக்கவும், மருந்துக் கடையில் காலாவதித் தேதி பார்த்து வாங்கவும், ஒரு அதிகாரி முன்னால் தலையைக் குனியாமல் தன் பெயரையும் வந்த காரியத்தையும் சொல்லவும் பழக்குங்கள். கடைசியாகச் சொன்னதற்கு நிறையப் பயிற்சி வேண்டும். வீட்டு ரேஷன் கார்டு வேலை ஒன்றை முழுக்க அவனிடமே விட்டுவிடுங்கள். இரண்டு தடவை அலைந்து திரும்பி வரட்டும், நீங்கள் போகாதீர்கள்.

கடன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சம்மாட்டியிடம், அதாவது படகு முதலாளியிடம், பிள்ளையின் பெயரைச் சொல்லி முன்பணம் வாங்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வாங்கிய அன்றைக்கு அவனுடைய பாதை முடிந்தது. ஐடிஐயும் இல்லை, சபுரும் இல்லை, அந்தப் படகிலேயே கிடக்க வேண்டும். முன்பணத்துக்காக ஒருவரை வேலையில் கட்டிப்போடுவது 1976 முதல் சட்டப்படி குற்றம். வீட்டில் எவ்வளவு நெருக்கடி இருந்தாலும் இந்த ஒன்றை மட்டும் செய்யாதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

சீக்கிரம் காசு வரும் என்று கடல் அட்டை பக்கம் கூப்பிடுகிறவர்களும் இருப்பார்கள். 2001 முதல் அது பாதுகாக்கப்பட்ட உயிரினம், பிடித்தாலும் வைத்திருந்தாலும் கடத்தினாலும் சிறை. பதினேழு வயதில் ஒரு வழக்கு விழுந்தால் பாஸ்போர்ட் முதல் வேலை வரை சிக்கல் வரலாம். பிள்ளையிடம் இதை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

கடலோரப் பிள்ளைக்கு இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும். பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்கள். 1, 2 என்றால் தூரத்தில் உருவாகியிருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5 முதல் 7 வரை ஆபத்து, 8 முதல் 10 வரை பெரும் ஆபத்து, 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன கதையை ஒரு பெரியவர் வாயால் கேட்க வைத்துவிட்டு இதைச் சொல்லிக்கொடுங்கள். மறக்கமாட்டார்கள்.

ஏழாம் படி: முதல் மூன்று மாதம்

ஆகஸ்ட், செப்டம்பரில் ஐடிஐ தொடங்கும். முதல் மாதம் புதுச் சீருடையில் போவான். இரண்டாம் மாதம் அரத்தால் இரும்பை ராவி ராவிக் கை காய்ச்சுப்போகும், "ஒண்ணுமே சொல்லித்தர மாட்டேங்கிறாங்க" என்பான். மூன்றாம் மாதம் ஒரு திங்கட்கிழமை போகமாட்டான். இதே வரிசையில்தான் ஏறக்குறைய எல்லாருக்கும் நடக்கிறது, அதனால் முன்கூட்டியே தயாராக இருங்கள்.

அந்தத் திங்கட்கிழமை திட்டாதீர்கள். கடலுக்கும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், ஒருநாள் பங்கு கையில் விழுந்துவிட்டால் மாதம் 750 ரூபாய் சின்னதாகத் தெரியும். தடைக்காலத்தில் அவன் பார்த்த மேஸ்திரியிடம் கூட்டிப் போங்கள். அவரும் முதல் ஆறு மாதம் அரம்தான் பிடித்தார், அவர் சொன்னால் அவன் கேட்பான். செவ்வாய்க்கிழமை காலை பரமக்குடிக்கு நீங்களும் கூடவே போய்ப் பயிற்றுநரைப் பாருங்கள். பிள்ளைக்குக் கண்ணாடி இருக்கிறது, எழுத்து தடுக்கும், கேள்வியை வாயால் கேட்டால் பதில் சொல்வான் என்று அவருக்குச் சொல்லுங்கள். பெரும்பாலான பயிற்றுநர்களுக்கு இது யாரும் சொல்லாமல் தெரியாது. சொன்ன பிறகு அந்தப் பையனைக் கவனித்து நடத்திய பயிற்றுநர்கள் பலரை எனக்குத் தெரியும். போகும்போது ஆறு வாரம் அவனைப் பற்றி நீங்கள் எழுதிய நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள், அவரிடம் காட்டுங்கள்.